மெர்காப்டன்

என் மனைவி நதியா இறந்த மறுநாள் காலையில்தான் அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். தீயணைப்பு நிலைய அதிகாரி தங்கராஜ் எங்கள் வீட்டுக்குள், சமையல் மேடை இருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, கருகிய கேஸ் குழாயின் ஒரு துண்டைக் குச்சியால் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சுவரோடு கூரையும் விழுந்துவிட்டதால் வீட்டுக்குள் வெயில் நேராக வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் ஒரு நாளும் அவ்வளவு வெளிச்சம் இருந்ததில்லை.

குழாயில் வெடிப்பு விட்டிருக்கிறது, அடுப்பை அணைத்தாலும் ரெகுலேட்டரை மூடாததால் கேஸ் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது என்றார். இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது என்றும் சொன்னார். பிறகு எழுந்து நின்று என்னைப் பார்த்தார்.

"கேஸுக்குன்னு சொந்தமா வாசனை கெடையாதுங் தம்பி. கசிஞ்சா ஊட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியோணும்னே அதுல ஒரு நாத்தத்தைக் கலந்து உடறாங்க. மெர்காப்டன்னு பேரு. துளியூண்டு இருந்தாலே மூக்குக்குத் தெரிஞ்சுரும். உங்க சம்சாரத்துக்கும் தெரிஞ்சுதான் இருக்கோணும். அதுதான் எனக்குப் புரியல. தெரிஞ்சும் எதுக்குங் ஜன்னலைச் சாத்திப்போட்டுத் தீக்குச்சிய ஒரசுனாங்க?"

எனக்குப் பதில் தெரியும். தெரியவில்லை என்று சொன்னேன்.

நான் திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தேன். துணிக்குச் சாயம் ஏற்றும் வேலை அல்ல. சாயம் போட்ட பிறகு வெளியேறும் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் ஆபரேட்டர். எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். பட்டறையின் பின்சுவரை ஒட்டிப் பொங்கியண்ணன் என்பவருக்குச் சொந்தமான பன்னிரண்டு லைன் வீடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு ஜன்னல். அதில் ஏழாவது வீடு எங்களுடையது. எட்டாவது வீட்டில் தெய்வாத்தாள் அக்கா தனியாக இருந்தார்.

அந்த லைனில் குடியிருப்பவர்களுக்கு நாற்றம் புதிதல்ல. மேற்குக் காற்று அடித்தால் கோழிப்பண்ணை எரு. பட்டறையில் துணி அலசும்போது புளித்த வாடை. மாதம் ஒருமுறை கழிவுநீர் சேரும் பெரிய தொட்டியைத் திறந்து அடியில் தேங்கிய சேற்றை அள்ளும்போது வருவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. அதற்கு டேங்க் வாடை என்று பெயர். அழுகிய முட்டையும் சாக்கடையும் கலந்ததுபோல் இருக்கும். சோறு இறங்காது.

தொட்டியைத் திறக்கும் நாளில் காலையிலேயே லைன் வீடுகளின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவது என் பொறுப்பு. யாரும் கொடுத்ததல்ல, நானே எடுத்துக்கொண்டது. செய்தியைப் பார்த்ததும் பன்னிரண்டு வீட்டிலும் ஒரே காரியம்தான் நடக்கும். ஜன்னலைச் சாத்துவார்கள், கதவிடுக்கில் பழைய பனியன் துணியைத் திணிப்பார்கள், ஒரு கப் சாம்பிராணியைக் கொளுத்தி நடு வீட்டில் வைப்பார்கள். பட்டறை வந்த நாளிலிருந்து இதுதான் பழக்கம். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு வீட்டுச் சாவியோடு பொங்கியண்ணன் இதையும் சொல்லித்தான் விடுவார்.

நதியாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். கல்யாணமாகி வந்த முதல் மாதம் டேங்க் வாடை வந்தபோது அவள் மூன்று முறை வாந்தியெடுத்தாள். அவளுடைய கரிசல் ஊரில் மழை வாசனையும் மிளகாய் நெடியும்தான் தெரியும். அவளை வாசலில் உட்கார வைத்து, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தால் என்ன வாடை, எது ஒரு மணி நேரத்தில் போகும், எது சாயங்காலம்வரை நிற்கும் என்றெல்லாம் விளக்கினேன். வாடையைப் பற்றி எதுவானாலும் என்னைக் கேள் என்று சொன்னேன். சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஊரில் அவள் அப்பாவிடம், உங்க மாப்பிள்ளைக்கு மூக்குதான் படிப்பு என்று கேலி பேசியிருக்கிறாள்.

அவள் வீட்டிலேயே பிசிறு வெட்டும் வேலை செய்தாள். கம்பெனியிலிருந்து பனியன் கட்டுகள் வந்து இறங்கும். தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்து அடுக்க வேண்டும். தரையில் பாய் விரித்து, நாலு பக்கமும் துணி குவிந்திருக்க நடுவில் உட்கார்ந்திருப்பாள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் தேங்கும் என்றும் தங்கராஜ் அன்று சொன்னார்.

அது ஒரு புதன்கிழமை. காலை பத்து மணிக்கு, இன்று டேங்க் சுத்தம் செய்கிறோம், வாடை வரும், ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று குழுவில் செய்தி போட்டேன். சேறு அள்ளுகிற லாரி பத்தரைக்கு வர வேண்டும். வரவில்லை. கேட்டால் வழியில் டயர் போய்விட்டது என்றார்கள். லாரி வராமல் மூடியைத் திறக்க மாட்டோம். திறக்கவில்லை. அதைக் குழுவில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாடை வராவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்.

பதினொன்று நாற்பதுக்கு நதியா போன் செய்தாள். நான் ஒரு பம்பைக் கழற்றிப் போட்டு, கை முழுக்கக் கிரீஸோடு தொட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாடை ரொம்ப வருகிறது என்றாள். டேங்க்தான் என்றேன். இது வேறு மாதிரி இருக்கிறது என்றாள். சாத்திவிட்டுச் சாம்பிராணி போடு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். அவ்வளவுதான் பேசினோம் என்று பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டபோது பாய்லர் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பாய்லர் பக்கம் ஓடியவர்கள் அங்கே ஒன்றுமில்லை என்று திரும்பினார்கள். அதற்குள் பின்சுவருக்கு மேலே புகை தெரிந்தது. நான் ஓடினேன். ஓடும்போது தொட்டியைச் சுற்றித்தான் போக வேண்டும். அதன் இரும்பு மூடியில் நான்கு போல்ட்டும் முறுக்கியபடியே இருந்தன. முந்தின வாரம் நானே அடித்த மஞ்சள் பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அந்த இடத்தில் என் கால் நின்றுவிட்டது. மனைவி எரிந்துகொண்டிருக்கிறாள், நான் ஒரு மூடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எத்தனை நொடி என்று தெரியாது. டேங்க் திறக்கவே இல்லை. அப்படியென்றால் அவளுக்கு வந்தது எந்த வாடை என்று அங்கே நின்றபோதுதான் முதன்முதலாக என்னையே கேட்டுக்கொண்டேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். கண்ணைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வராந்தாவில் வைத்து விவரம் எழுதினார். சம்பவத்துக்கு முன்பு மனைவி உங்களிடம் பேசினாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த ஒரு சொல் எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. ஆனால் சொன்ன பிறகு அதை மாற்றவும் இல்லை.

அவள் அப்பா பெருமாள்சாமியும் அம்மா மூக்கம்மாளும் மறுநாள் விடியலில் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் காதில் விழுந்த முதல் பேச்சே, கேஸ் வாடை தெரியாமலா ஒருத்தி தீக்குச்சி கிழிப்பாள் என்பதுதான். லைனில் இருந்தவர்கள் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. பயத்தில் பேசினார்கள். தங்கள் வீட்டில் அப்படி நடக்காது என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிற பிள்ளை என்றார்கள். தன் வீட்டுக்குள் நிற்கிற வாடையையா ஒரு பொம்பளை கவனிக்க மாட்டாள் என்றார்கள்.

சுவர் சரிந்து தெய்வாத்தாள் அக்காவின் கால் எலும்பு முறிந்திருந்தது. இறுதிச் சடங்கு முடிந்த மூன்றாம் நாள் என் மாமனார் பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார். என்னையும் கூட்டிப்போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, மகள் செய்த தப்பை மன்னிக்க வேண்டும் என்று கைகளைக் கூப்பினார். அக்கா பதறிப்போய் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நீங்க எதுக்குங் கும்பிடறீங்க. அவ எம்புள்ள மாதிரிங்க. தம்பி மெசேஜ் போட்டுதுன்னு நானுந்தான் ஜன்னலைச் சாத்திப்போட்டு உக்கோந்திருந்தேன். எனக்கென்னமோ அன்னைக்கு ஒரு நாத்தமும் வருலீங்க."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். டேங்க் திறக்கவில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். மாமனார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். வெளியே வந்ததும், மற்ற வீட்டுக்கு வாடையே வரவில்லையாம், இவள் வீட்டில் மட்டும் வந்திருக்கிறது, இதுகூடவா ஒரு பெண்ணுக்கு உறைக்காமல் போகும் என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என் தோளில் கை வைத்து, "மாப்ள, ஒங்கள இப்பிடி நட்டாத்துல விட்டுட்டுப் போயிட்டாளே" என்றார். நான் அந்தக் கையை உதறியிருக்க வேண்டும். அந்தக் கையோடே நடந்தேன்.

ஆறாம் நாள் பட்டறைக்குப் போனேன். வீட்டில் உட்கார முடியவில்லை, வீடும் இல்லை. பட்டறை லேபில் அனுப்ரியா என்று ஒரு பெண் கெமிஸ்ட்டாக இருந்தாள். கெமிஸ்ட்ரி படித்தவள். அந்தச் சொல்லை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். அவளிடம் நீட்டி, இது என்னவென்று கேட்டேன். அவள் சீட்டையும் என்னையும் பார்த்தாள். சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

அது கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் என்றாள். இதைக் கண்டுபிடித்தவர், பாதரசத்தோடு கலந்தால் அதைப் பிடித்துக்கொண்டு விடாது என்பதைப் பார்த்து, பாதரசத்தைப் பிடிப்பது என்று அர்த்தம் வரும்படி லத்தீனில் பெயர் வைத்தாராம். நான் நம்பவில்லை. உலகத்திலேயே மோசமாக நாறுகிற பொருள்களில் ஒன்று, பெயரில் நாற்றத்தைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். இப்போதெல்லாம் புத்தகத்தில் தயோல் என்ற வேறு பெயர்தான் போடுகிறார்கள், கேஸ்காரர்கள் மட்டும் பழைய பெயரை விடவில்லை என்றாள்.

எப்படி இருக்கும் அதன் வாடை என்று கேட்டேன்.

"அழுகின வெங்காயம் மாதிரி இருக்குங்ணா. பூண்டு, முட்டைக்கோஸ், அந்த மாதிரி."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவள் பயந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். என்னைத் தேற்ற நினைத்து, நம்ம டேங்க்கில் வருவதும் இதற்குச் சொந்தக்கார வாடைகள்தான், எல்லாம் கந்தகம்தான், யாருக்கும் குழப்பம் வரும், நதியாவைக் குறை சொல்லவே முடியாது என்றாள். டேங்க் அன்றைக்குத் திறக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும். அதை அவள் இதோடு சேர்த்து யோசிக்கவில்லை. நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அழுகின வெங்காயம். நதியா போனில் அதைத்தான் சொன்னாள். அந்த நிமிடம்வரை நான் அதை மறந்திருந்தேன்.

என் போனில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும். லாரிக்காரர்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இல்லையென்று சாதிப்பார்கள் என்பதற்காக அப்படி வைத்திருந்தேன். அவளுடைய அழைப்பும் அதில் இருக்கும் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். திறந்து கேட்கத் தைரியம் இல்லை. அழிக்கவும் கை வரவில்லை. அன்றும் கேட்கவில்லை.

கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு இரண்டே வருடம்தான். பன்னிரண்டாம் நாள் மாமனார், மாமியார், என்னை என மூன்று பேரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். தங்கராஜும் வந்திருந்தார். கோட்டாட்சியர் ஒரு பெண்மணி. நிதானமாகப் பேசினார். பக்கத்தில் ஒருவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்தார்.

முதலில் தங்கராஜ் தன் அறிக்கையை வாசித்தார். மெர்காப்டன் வாடையை உணர்ந்தும் இறந்தவர் ரெகுலேட்டரை மூடாமலும் ஜன்னலைத் திறக்காமலும் தீப்பற்ற வைத்தது விபத்துக்குக் காரணம் என்று அதில் இருந்தது. அடுத்து என் மாமனாரைக் கூப்பிட்டார்கள். மருமகன் மேல் ஏதாவது சந்தேகம் உண்டா, மகளைக் கொடுமை செய்தாரா, மறைக்காமல் சொல்லுங்கள் என்று கோட்டாட்சியர் கேட்டார். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"மாப்ள தங்கமான புள்ளம்மா. ஒரு அடி, ஒரு ஏச்சு கெடையாது. எம்மவதான் சூதானமில்லாம இருந்துட்டா. வாடை எதுன்னு அறியத் தெரியாத கழுத. அவளும் போயி, அடுத்த வீட்டுப் பொம்பளைக்கும் கால ஒடிச்சு வச்சிட்டுப் போயிட்டா. நாங்கதான் அவள நல்லா வளக்கல. அப்பிடியே எழுதிக்கிடுங்க."

கம்ப்யூட்டர்காரர் எழுதிக்கொண்டார். தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. மாமனார் கைரேகை வைக்க மைப்பெட்டியைக் கேட்டார். அந்தத் தாள் அச்சாகி வருவதற்குள் நான் எழுந்து, எனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். போலீசாரிடம் சொன்னது பொய், சம்பவத்துக்கு முன்னால் அவள் என்னிடம் பேசினாள் என்றேன். போனை எடுத்து மேசைமேல் வைத்து, அன்றைய தேதியைத் தேடி அழுத்தினேன்.

"ஏங்க, வாடை ரொம்ப வருது."

"டேங்க்தான். மெசேஜ் போட்டேன்ல."

"இல்லங்க, இது வேற மாதிரி இருக்கு. வெங்காயம் அழுகுனாப்ல."

"டேங்க்ல எல்லாம் அழுகுனதுதான் புள்ள. மணக்கவா செய்யும்?"

இந்த இடத்தில் நான் சிரித்தேன். நான் சிரித்தது எனக்கு நினைவே இல்லை.

"அடுப்படிப் பக்கந்தாங்க கூட இருக்கு. வெளிய போயிப் பாத்தேன், வெளிய இல்ல. நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்."

"ரெண்டு வருசமாச்சு, இன்னும் ஒனக்கு மூக்கு வரலையா? எனக்குச் சோலி கெடக்கு. ஜன்னலச் சாத்திட்டு ஒரு சாம்பிராணியப் போடு."

பின்னால் பம்பை யாரோ தட்டுகிற சத்தம்.

"சரிங்க. போடுதேன்."

நாற்பத்தோரு நொடி. வெளியே போய்ப் பார்த்திருக்கிறாள். அடுப்படி என்று சொல்லியிருக்கிறாள். வந்து பார் என்று கூப்பிட்டிருக்கிறாள். இதில் எதையுமே நான் நினைவில் வைத்திருக்கவில்லை. எனக்கு நல்லதாக இருந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் நடமாடியிருக்கிறேன்.

தங்கராஜ் தன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தார். டேங்க் அன்று திறந்திருந்ததா என்று மெதுவாகக் கேட்டார். திறக்கவில்லை, நான் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் என்றேன். கோட்டாட்சியர் போனைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, இதை நீங்களே சொன்னதாக எழுதலாமா, விளைவு தெரியுமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. அச்சாகி வந்திருந்த தன் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்க வராது. ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் சொன்னத அடிச்சிருங்க" என்றார்.

எதை என்று கோட்டாட்சியர் கேட்டார்.

"எம்மவளப் பத்திச் சொன்னத. அவ சூதானமாத்தான் இருந்துருக்கா. வெளிய போயிப் பாத்துருக்கா. அடுப்படின்னு சரியாச் சொல்லிருக்கா. கட்டுனவங்கிட்டக் கேட்டிருக்கா. வேற என்ன செய்வா ஒரு புள்ள? அத எழுதுங்க. கழுதன்னு சொன்னத அடிச்சிருங்க."

கழுதை என்று நாங்கள் எழுதவில்லை ஐயா என்றார் கம்ப்யூட்டர்காரர். நான் சொன்னேனே, என் வாயால் சொன்னேனே என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மூக்கம்மாள் அத்தை எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். புதிய தாள் அச்சாகி வந்தது. அதை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். இறந்தவர் வாடையின் தன்மையையும் அது வந்த இடத்தையும் சரியாக உணர்ந்து கணவருக்குத் தெரிவித்துள்ளார் என்று இருந்தது. மாமனார் அந்த வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு கைரேகை வைத்தார். தங்கராஜும் தன் அறிக்கையைத் திருத்தித் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

என்மேல் என்ன வழக்கு, அது எப்படிப் போனது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நடக்க வேண்டியது நடந்தது, இப்போதும் நடக்கிறது. லைனில் அதற்குப் பிறகு யாரும் நதியாவைப் பற்றி அப்படிப் பேசவில்லை என்று தெய்வாத்தாள் அக்கா சொல்லியனுப்பினார். என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று அலுவலகத்தை விட்டு வெளியே வந்தபோது நல்ல வெயில். பதினாறாம் நாள் காரியத்துக்கு மூன்று பேரும் ஒன்றாக ஊருக்குப் போவதாக முன்பே பேசி வைத்திருந்தோம். நான் அவர்களுடைய பையைத் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினேன். மாமனார் அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க போங்க தம்பி. நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

கோபமே இல்லாமல், வழி கேட்ட ஆளுக்குப் பதில் சொல்வதுபோல்தான் சொன்னார். அத்தை என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். இருவரும் சாலையைக் கடந்து போனார்கள். பேருந்து வர இருபது நிமிடம் ஆனது. அதுவரை நான் இந்தப் பக்கம் நின்றேன், அவர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள். பேருந்து வந்து நின்று மறைத்தது. அது நகர்ந்த பிறகு அங்கே யாரும் இல்லை.